எல்லா அறைகளிலும் ஒரே பாட்டு

திருப்பூரில் புதிதாகக் கட்டும் வீடுகளின் கிரகப்பிரவேசத்துக்குப் போகிறவர்களுக்கு இது தெரிந்திருக்கும். முன்பெல்லாம் பூஜையறைக் கதவின் வேலைப்பாட்டையும் மாடுலர் கிச்சனையும் காட்டுவார்கள். இப்போது வீட்டுக்காரர் ஹாலின் நடுவில் நின்று இங்கிலீஷில் ஒரு கட்டளை சொல்கிறார். ஹால், சமையலறை, மாடியில் இரண்டு படுக்கையறை, பின்கட்டு என்று ஐந்து இடத்தில் வைத்திருக்கும் ஐந்து சின்னப் பெட்டிகளிலிருந்து ஒரே பாட்டு ஒரே நொடியில் கிளம்புகிறது. "நடந்து பாருங்க" என்கிறார். நடக்கிறோம். ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் போகும்போது பாட்டு அறுபடவில்லை, இரட்டிக்கவும் இல்லை. எனக்கும் அது பிடிக்கத்தான் செய்கிறது. அமேசானின் எக்கோ 2017 அக்டோபரிலும் கூகுள் ஹோம் 2018 ஏப்ரலிலும் இந்தியாவுக்கு வந்தன. இன்று ஒரு நல்ல பட்டுச்சேலை வாங்கும் காசில் வீடு முழுக்க இவற்றை வைத்துவிடலாம்.

பெட்டிகளைவிட, அவை என்னிடம் கிளப்பிவிட்ட ஒரு கேள்வியைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதப்போகிறேன். ஒரு வீட்டில் வாழும் ஒருவருக்கு, அந்த வீட்டில் ஒலிப்பதைக் கேட்காமல் இருக்க உரிமை உண்டா? 'இதென்ன பெரிய விஷயம், கதவைச் சாத்திக்கொள்' என்று சொல்லிவிடலாம். சாத்திக்கொள்ள யாருக்குக் கதவு இருக்கிறது, சாத்தினால் வெளியே என்ன பேசுவார்கள் என்பதும் அதே கேள்விக்குள்தான் வருகிறது.

முதலில் இந்த வித்தை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிடலாம். கோயில் நோம்பிக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டும் ஊரில் வளர்ந்தவர்களுக்குச் சிக்கல் உடனே புரியும். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர்தான் போகும். பக்கத்து மரத்து ஸ்பீக்கரில் ஒரு வரி முடிந்த பிறகு, ஊர் எல்லை ஸ்பீக்கரிலிருந்து அதே வரி சாவகாசமாக வந்து சேரும். வீட்டுக்குள் தூரம் குறைவு, ஆனால் வேறொரு தொல்லை. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தனித்தனிக் கடிகாரம் உண்டு, ஒரு சிறிய குவார்ட்ஸ் படிகம். இரண்டு படிகங்கள் ஒன்றுபோல் அதிர்வதில்லை. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினால் போதும், ஒரு மணி நேரத்தில் இரண்டு பெட்டிகளுக்கும் நடுவே 72 மில்லி விநாடி விழுந்துவிடும். நம் காது முப்பது நாற்பது மில்லி விநாடி வரைக்கும் பெருந்தன்மையானது. அதற்குள் வரும் இரண்டு ஒலிகளை ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும், முதலில் வந்த பக்கத்திலிருந்துதான் சத்தம் வருகிறதென்று நம்பவும் செய்யும். ஜெர்மனியைச் சேர்ந்த ஹெல்முட் ஹாஸ் 1949இல் தன் முனைவர் பட்ட ஆய்வில் இதை அளந்து காட்டினார். அந்த எல்லையைத் தாண்டினால் எதிரொலிதான்.

ஆகவே பெட்டிகளில் ஒன்று தலைமை ஏற்கிறது. மற்றவை அதன் நேரத்தை விசாரித்து விசாரித்துத் தங்களைத் திருத்திக்கொள்கின்றன. பாட்டு துண்டு துண்டாக, 'இந்தத் துண்டை இந்த நேரத்தில் ஒலி' என்ற குறிப்போடு வந்து சேர்கிறது. வைஃபை சரியாக எட்டாத மாடி மூலைப் பெட்டிக்கும் அது போய்ச் சேரட்டும் என்று எல்லாப் பெட்டிகளும் பொறுத்திருந்து பாடத் தொடங்குகின்றன. கட்டளை சொன்ன பிறகு ஒன்றிரண்டு நொடி அமைதியாக இருப்பது அதனாலும்தான்.

பின்தங்கிய ஒன்றுக்காக மற்ற நான்கும் காத்திருக்கும் இந்த ஏற்பாட்டைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஊர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் முடித்த பீஸ் பேட்லாக்குக்குப் போகும், அங்கிருந்து செக்கிங்குக்குப் போகும். யாருடைய கை மெதுவாகிறதோ அவர் முன்னால் பீஸ் குவியும். குவிந்ததும் சூப்பர்வைசரின் குரல் வரும். மாதவிடாயின் முதல் நாள் என்பதற்காகவோ, இரவு முழுக்கக் குழந்தைக்குக் காய்ச்சல் என்பதற்காகவோ எந்த லைனும் காத்திருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டுக்கும் ஒரு தலைமைக் கடிகாரம் உண்டு. எட்டரை மணி ஷிப்டுக்குப் போகிறவருக்கு ஏழேமுக்காலுக்கு டிபன், எட்டு மணிக்கு ஸ்கூல் வேன், மாமனாருக்குச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் மாத்திரை, பால்காரர், தண்ணி வரும் நாள், சிலிண்டர் தீரும் நாள். இத்தனை பேரின் பிசகுகளையும் திருத்தித் திருத்தி ஒரே தாளத்தில் ஓட்டிக்கொண்டிருப்பவள் பெரும்பாலும் ஒரு பெண்தான். நேரம் அவளிடம் இருக்கிறது, கட்டளை வேறொருவரிடம் இருக்கிறது. பெட்டிகளிலாவது நேரம் சொல்லும் பெட்டியைத் தலைமை என்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனித்தேன். எல்லா அறைகளிலும் ஒரே பாட்டு என்ற வசதி உண்மையில் யாருக்குத் தேவை? ஹாலில் உட்கார்ந்து பேப்பர் படிப்பவருக்கு ஹாலில் இருக்கும் ஒரு பெட்டி போதும். காலை ஐந்திலிருந்து பத்துவரை சமையலறை, பின்கட்டு, துணி காயப்போடும் மொட்டைமாடி, குழந்தையின் அறை, மறுபடி சமையலறை என்று நடந்துகொண்டே இருப்பவளுக்குத்தான் அறை மாறினாலும் அறுபடாத பாட்டு வேண்டும். அவளுக்காகவே செய்ததுபோல் இருக்கிறது இந்த ஏற்பாடு. என் தலைமுறைப் பெண்கள் பாட்டை எப்போதும் துண்டு துண்டாகவே கேட்டு வளர்ந்தவர்கள். பல்லவியை அடுப்படியில் கேட்டிருப்போம், சரணத்தின்போது கிணற்றடியில் இருந்திருப்போம். ஒரு முழுப் பாட்டை உட்கார்ந்து கேட்டால் 'வேலை இல்லையா?' என்று கேட்பார்கள். அதனால்தான் டிரான்சிஸ்டர் வந்தபோது பெண்கள் அதைக் கட்டிக்கொண்டார்கள். அது கூடவே வந்தது. அதன் திருகு அவள் கைக்கு எட்டியது. 1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் சினிமாப் பாட்டு தரம் தாழ்ந்தது என்று கருதி ஆல் இந்தியா ரேடியோவில் அதை ஒடுக்கியபோது, நாடே இலங்கை வானொலிக்குத் திருகியது. கடைசியில் 1957 அக்டோபர் 3 அன்று விவித் பாரதியைத் தொடங்க வேண்டியதாயிற்று. ஒரு அமைச்சரைத் திருகு ஒன்று தோற்கடித்தது என்று வகுப்பில் சொல்வேன். மாணவிகள் சிரிப்பார்கள். திருகு என்றால் என்னவென்று பாதிப் பேருக்குத் தெரியாது.

இந்தப் பெட்டிகளில் கைக்கு எட்டுகிற பொத்தான் இருக்கிறது. ஆனால் எந்த அறை எந்தக் குழுவில் சேர வேண்டும், எத்தனை மணிக்கு எது தானாகத் தொடங்க வேண்டும் என்பதெல்லாம் ஒரு கணக்கில், அந்தக் கணக்கு ஒரு செல்போனில் இருக்கிறது. யாருடைய செல்போனில் என்று கேட்டுப் பாருங்கள். நான் கேட்ட ஏழெட்டு வீடுகளில் ஒரே ஒரு வீட்டில் அது பெண்ணுடையதாக இருந்தது. அவர் தனியாக வாழ்கிறவர்.

எனக்கு நெருக்கமான ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மருமகள் பொறியியல் படித்தவள். திருமணத்துக்கு முன் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசர். குழந்தை பிறந்து மூன்று மாதம். இரவு இரண்டு மணி, நாலு மணி என்று எழுந்து பால் கொடுத்துவிட்டு நாலரைக்கு மேல்தான் கண் அசருவாள். மாமனார் வெகுகாலமாக அதிகாலையில் சூலமங்கலம் சகோதரிகளின் கந்த சஷ்டி கவசம் கேட்கிறவர். முன்பு பூஜையறையில் ஒரு டேப் ரிக்கார்டர் அதை மெதுவாகப் பாடிக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு வசதியாக இருக்கட்டும் என்று மகன் அதை ஐந்தரை மணிக்குத் தானாகத் தொடங்கும்படி, எல்லா அறைகளிலும், அமைத்துக் கொடுத்தான். மாமனார் கொடுமைக்காரர் இல்லை. மாடியில் ஒலிப்பது கீழே இருக்கும் அவருக்குத் தெரியவே தெரியாது. அவர் காதில் விழுவது பூஜையறைப் பெட்டி மட்டும்தான்.

அவள் ஒருநாள் மெதுவாக, "அத்தை, மேல மட்டும் காலைல வேண்டாமுங்களே, பாப்பா முழிச்சுக்குது" என்றிருக்கிறாள். மாமியார் கோபப்படவில்லை. "சாமி பாட்டுக்குக்கூடவா கண்ணு சலிச்சுக்குவாங்க? கொழந்தை காதுல விழுந்தா நல்லதுதானே" என்றார். இதற்கு என்ன பதில் சொல்வது? பாட்டு அழகான பாட்டு. பாடியவர்கள் இரண்டு பெண்கள். கேட்பவருக்கு அது ஆறுதல். இதில் எதையும் அவள் மறுக்கவில்லை. தன் தூக்கம் ஒரு பொருட்டா என்பதுதான் அவள் கேட்டது. கேட்ட மாத்திரத்தில் அது பக்தியா பக்தியின்மையா என்ற வேறு வழக்காக மாறிவிட்டது. வீடுகளில் பெண்கள் கேட்கும் சின்னக் கேள்விகளுக்கு இப்படித்தான் நடக்கிறது. கேட்டது ஒன்று, விசாரணை வேறொன்றுக்கு.

தமிழில் 'கேள்' என்ற சொல்லை நினைத்துப் பாருங்கள். காதால் கேட்பதும் கேள், வாய்திறந்து வினவுவதும் கேள், வேண்டுவதும் கேள், கீழ்ப்படிவதும் கேள். திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்கு 'கேள்வி' என்று பெயர். அங்கே அது அறிந்தோரிடம் கேட்டறிதல். இன்று அதே சொல் வினாவுக்கு ஆகிவந்திருக்கிறது. ஒரே வினையின் இத்தனை பொருள்களையும் வீட்டில் எப்படிப் பங்கிட்டிருக்கிறோம்? 'பேச்சு கேக்கற பொண்ணு' என்றால் பாராட்டு. 'எதுக்கெடுத்தாலும் கேள்வி கேக்கற பொண்ணு' என்றால் மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் யோசிப்பார்கள். இந்தப் பெட்டிகளும் அந்த முதல் வகை கேட்பதைத்தான் செய்கின்றன: காதும் உண்டு, கீழ்ப்படிதலும் உண்டு, எதிர்க்கேள்வி இல்லை. அவற்றுக்கு முதலில் பெண் குரலையே கொடுத்துவிற்றதை யுனெஸ்கோ 2019இல் ஓர் அறிக்கையில் கண்டித்தது. எனக்கு அந்த அறிக்கையில் புதிதாக ஒன்றும் தெரியவில்லை, நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் எதிர்பார்ப்பைத்தான் அது சொல்கிறது.

வீட்டுக்குள் நடப்பது சின்ன விஷயமாகத் தோன்றலாம். வீட்டை விட்டு ஊருக்கு வருவோம். எல்லா அறைகளிலும் ஒரே பாட்டு என்பதைச் செயலி எதுவும் இல்லாமலேயே மைக் செட்காரர்கள் சாதித்திருக்கிறார்கள். ஒரு பெண் வயதுக்கு வந்துவிட்டால், எங்கள் பக்கம் தெரட்டி என்பார்கள், சீர் நடக்கும் நாளில் தெருவின் இரண்டு முனையிலும் குழாய் ஸ்பீக்கர் கட்டிவிடுவார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உடம்பில் நேற்று நடந்தது, தெருவில் உள்ள எல்லா வீடுகளிலும் எல்லா அறைகளிலும் ஒரே நேரத்தில் ஒலிக்கும். அவள் நடுவில் உட்கார்ந்திருப்பாள். தன் சீரின்போது என்ன நினைவிருக்கிறது என்று வகுப்பில் கேட்டால், சேலையைப் பற்றிச் சொல்பவர்களைவிட அந்தச் சத்தத்தைப் பற்றிச் சொல்பவர்கள் அதிகம். ஒருத்தி சொன்னாள்: "நான் அம்மாகிட்ட வயித்து வலின்னு சொன்னேன்ங்கம்மா. அம்மாவுக்குக் கேக்கலை."

அம்மாவுக்குக் கேட்காமல் போவது எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு ஓர் ஆவணம் இருக்கிறது. இந்தியாவில் இரவு பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை ஒலிபெருக்கி கூடாது என்ற விதி எல்லோருக்கும் தெரியும். ஒலி மாசு விதிகள் 2000இல் வந்தன, அதை உச்ச நீதிமன்றம் 2005 ஜூலை 18 தீர்ப்பில் இறுக்கிப்பிடித்தது. அந்த வழக்கு எதிலிருந்து தொடங்கியது என்பது பலருக்குத் தெரியாது. 1998 ஜனவரி 3ஆம் தேதி நாளிதழ்களில் ஒரு செய்தி வந்தது. 13 வயதுச் சிறுமி ஒருத்தி பாலியல் வன்முறைக்கு ஆளானாள். உதவிகேட்டு அவள் எழுப்பிய குரல், அக்கம்பக்கத்தில் ஒலிபெருக்கியில் ஓடிக்கொண்டிருந்த பாட்டில் மூழ்கிப்போனது. பிறகு அன்று மாலை அவள் தன்மேல் தீவைத்துக்கொண்டு இறந்துபோனாள். அதைப் படித்த ஒரு பொறியாளர் நீதிமன்றத்துக்குப் போனார். தீர்ப்பின் தொடக்கத்திலேயே இந்தச் செய்தி பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு வருவதெல்லாம் டெசிபல் கணக்கும், பட்டாசும், வாகன ஹாரனும். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45. நம் ஊர் திருவிழா வாக்குவாதங்களில் 'பத்து மணி ரூல்' என்று சொல்கிறோமே, அதற்கு அடியில் பேரில்லாத ஒரு பிள்ளை இருக்கிறாள்.

அந்தத் தீர்ப்பு சொன்னதில் எனக்கு முக்கியமானது இது: பேச ஒருவருக்கு உரிமை உண்டு, விருப்பமில்லாத காதுக்குள் அதைத் திணிக்க உரிமை இல்லை. நிம்மதியாக வாழும் உரிமை, அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் உயிர்வாழும் உரிமையின் பகுதி. அதற்கு முன்பே, 2000 ஆகஸ்டில், சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், பிறர் அமைதியைக் கெடுத்துத்தான் தொழ வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று அதே நீதிமன்றம் கூறியிருந்தது. இந்த இரண்டையும் தெருவுக்கும் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் பள்ளிவாசலுக்கும் பொருத்திப் பேசுகிறோம். வீட்டுக்குள் பொருத்திப் பேசுவதில்லை. வீட்டு வாசலில் சட்டம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றுவிடுகிறது. நீதிமன்றம் உள்ளே வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த நியாயம் உள்ளே வரட்டும் என்கிறேன்.

குறுந்தொகையின் 28ஆம் பாடலில் ஔவையார் ஒரு பெண்ணைப் பேசவைக்கிறார். தன் வேதனை தெரியாமல் தூங்கும் ஊரை எப்படியாவது எழுப்பிவிடத் துடிக்கிறாள் அவள். வருடந்தோறும் இதை நடத்தும்போது ஊரின் அலட்சியத்தைப் பற்றித்தான் பேசுவேன். இப்போது வேறொன்றும் தோன்றுகிறது. அவளைச் சுற்றி அமைதி இருந்தது. கத்தினால் கேட்டிருக்கும்.

இதையெல்லாம் வைத்துக்கொண்டு, ஒன்றாகப் பாட்டுக் கேட்பதே தவறு என்று முடித்துவிட முடியாது. அது பொய்யாகிவிடும். பாட்டுப் போடும் கம்பெனிகளில் வேலைசெய்யும் பெண்களிடம் கேட்டால் பலர், "பாட்டில்லாட்டி நேரம் போவாதுங்க" என்பார்கள். ஒன்றரை ஷிப்ட், பன்னிரண்டு மணி நேரம். பழைய இளையராஜா பாட்டு ஒன்று வந்தால் பவர்டேபிள் வரிசை முழுக்க ஒரே நேரத்தில் முணுமுணுக்கும். ஆளுக்கொரு இயர்போன் மாட்டிவிட்டால் அந்த முணுமுணுப்பு செத்துப்போகும். அந்தச் சந்தோஷம் உண்மையானது, அதை யாரும் அவர்களிடமிருந்து பிடுங்க வேண்டாம்.

அதற்குப் பின்னால் ஒரு கணக்கும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். இரண்டாம் உலகப்போரின்போது பிபிசி 1940 ஜூன் 23 அன்று 'மியூசிக் வைல் யூ ஒர்க்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கியது. தொழிற்சாலைகளுக்காகவே, நாளுக்கு இரண்டு தடவை, அரைமணி நேரம், சீரான தாளத்தில். ஆயுதத் தொழிற்சாலைகளில் அப்போது பெண்கள் பெருமளவில் வேலைக்கு வந்திருந்தார்கள். 'டீப் இன் த ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்' என்ற பாட்டை மட்டும் வேலை நேரத்தில் போடக்கூடாது என்று நிறுத்தினார்கள். அதில் கைதட்டும் இடம் வரும், தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டுத் தட்டத் தொடங்கிவிடுவார்களாம். பாட்டு எதற்கு அனுமதிக்கப்பட்டது, எந்த இடத்தில் நிறுத்தப்பட்டது என்பதை இந்த ஒரு தடை காட்டிக்கொடுக்கிறது. அமெரிக்காவில் மியூசாக் நிறுவனம் கால்மணி நேரம் வேகம் கூடிக்கொண்டே போகும் இசையைக் கொடுத்து, பிறகு கால்மணி நேரம் அமைதியாக விட்டது. உற்பத்திக்காக என்றாலும் அந்த அமைதி கிடைத்ததே என்று ஒரு ஹாஸ்டல் பெண் பெருமூச்சு விடலாம். நூற்பாலை ஹாஸ்டலில் மூன்று வருடம் இருந்துவிட்டு, பிறகு என்னிடம் பி.ஏ. படிக்க வந்த ஒரு மாணவி சொன்னாள்: அதிகாலையில் எழுப்புவதற்கு ஸ்பீக்கரில் பாட்டுப் போடுவார்களாம். விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது பக்கத்துக் கோயிலில் அதே பாட்டைக் கேட்டதும் கை தானாகப் பாயைச் சுருட்டியதாம். எந்தப் பாட்டு என்று நான் கேட்டேன். சொல்ல மறுத்துவிட்டாள்.

சேர்ந்திசைவதற்கு எங்கள் மண்ணிலேயே இன்னொரு வழியும் இருக்கிறது. வள்ளிக்கும்மி. வெகுகாலம் ஆண்கள் ஆடிய ஆட்டம் அது. கோவைப் பகுதி ஆசிரியர் பத்ரப்பன் பெண்களுக்கும் அதைக் கற்றுக்கொடுத்தார், 2024இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. இன்று நூற்றுக்கணக்கான பெண்கள் ஒரே நிறச் சேலையில் ஒன்றாகச் சுற்றுகிறார்கள். (அந்த மேடைகளில் சாதியும் கூடவே ஏறிக்கொள்வதைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) கும்மியில் ஒருத்தி பின்தங்கினால் பக்கத்தில் இருப்பவள் அவளைப் பார்க்கிறாள், அரை அடி குறைத்துப் போடுகிறாள், வட்டம் அவளையும் சேர்த்துக்கொண்டு சுற்றுகிறது. மூச்சு வாங்கினால் வெளியே வந்து உட்காரலாம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. பெட்டிகள் ஒரு கடிகாரத்தைக் கேட்கின்றன, கும்மியில் ஒருத்தி இன்னொருத்தியைக் கேட்கிறாள்.

வெளியே வந்து உட்காரும் அந்த வசதியைத்தான் வீட்டுக்கும் நான் தேடுகிறேன். இந்தப் பெட்டிகளின் உலகில் அதை யாரும் அவ்வளவாக யோசித்ததாகத் தெரியவில்லை. 2022 ஜனவரியில் அமெரிக்காவின் சர்வதேச வணிக ஆணையம், சோனோஸ் நிறுவனத்தின் ஐந்து காப்புரிமைகளைக் கூகுள் மீறியதாகத் தீர்ப்பளித்தது. அதன் விளைவாகக் கூகுள் பெட்டி வைத்திருந்தவர்கள் கொஞ்சகாலம் எல்லாப் பெட்டிகளின் சத்தத்தையும் ஒரே இழுப்பில் கூட்டவோ குறைக்கவோ முடியாமல், ஒவ்வொன்றாக மாற்ற வேண்டிவந்தது. எல்லா அறைகளின் சத்தத்தையும் ஒரே விரலில் வைத்திருப்பது யாருடைய சொத்து என்று இரண்டு கம்பெனிகள் சண்டைபோட்டன. எந்த அறையில் இருப்பவளுடைய காது யாருடைய சொத்து என்பது அந்த வழக்கில் வரவில்லை, வரவும் வராது. 2018 ஜூனில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்ட ஒரு கட்டுரை அந்தப் பக்கத்தைத் தொட்டது. வீட்டின் குளிர்சாதனம், பூட்டு, விளக்கு, இசை எல்லாவற்றையும் கணவனோ முன்னாள் துணைவனோ தூரத்திலிருந்து செல்போனிலேயே ஆட்டிவைத்த பெண்களைப் பற்றியது அது. பெட்டிகளைப் பொருத்தியவரும், அவற்றை இயக்கத் தெரிந்தவரும் அநேகமாக ஆண்களாகவே இருந்தார்கள். அமெரிக்கக் கதை என்று தள்ளிவிடலாம். வேலைக்காக வங்கதேசத்துக்கும் எத்தியோப்பியாவுக்கும் போய் உட்கார்ந்துகொண்டு கேமராவில் வீட்டுச் சமையலறையைப் பார்க்கும் கணவர்கள் நம் ஊரிலும் உண்டு. பெருமையாகவே சொல்வார்கள்.

எங்கள் கல்லூரிக்குப் பின்னால் இருக்கும் லைன் வீடுகளில் இந்தப் பெட்டிகளுக்கு வேலை இல்லை. வரிசையாகப் பத்து வீடு, வீட்டுக்கு ஓர் அறை. ஒரு வீட்டில் டி.வி. போட்டால் பத்து வீட்டிலும் ஒரே பாட்டுதான். அங்கே வீட்டிலிருந்தபடியே பிசிர் வெட்டிக்கொடுக்கும் ஓர் அக்காவிடம், புதுவீடுகளில் இப்படி ஒன்று வந்திருக்கிறது என்று விளக்கினேன். கத்தரியை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். "எல்லாத்துலயும் ஒண்ணாப் பாடும்னா, எல்லாத்தையும் ஒண்ணா நிறுத்தவும் முடியுமுங்களா?" என்றார். முடியும் என்றேன். "அப்ப அது தேவலையே" என்றுவிட்டு அடுத்த பனியனை எடுத்தார்.

அந்த மருமகள் வீட்டுக்கு வருகிறேன். கணவன் நல்லவன். அவள் மறுபடியும் சொன்னதும் மாடி அறைகளைக் காலைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டான். இரண்டு வாரம் குழந்தை தூங்கியது, அவளும் தூங்கினாள். பிறகு ஏதோ அப்டேட் என்று பெட்டிகளைத் திரும்ப இணைத்தபோது மாடியும் பழையபடி சேர்ந்துகொண்டது. அவன் ஆர்டர் விஷயமாக மும்பையில் இருந்தான். திரும்பி வந்ததும், கணக்கில் என் போனையும் சேர்த்துவிடுங்கள் என்று கேட்டாள். "எதுக்கு அம்மிணி? நிறுத்தோணும்னா ஒரு வார்த்தை சொல்லு, நானே நிறுத்திடறேன்" என்றான். அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். கேட்டுக் கேட்டுப் பெறும் அமைதியும் தன் கையில் இருக்கும் அமைதியும் ஒன்றல்ல என்பதை அவனுக்கு எப்படி விளக்குவது என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் ஒரு மணி நேரம் ஏதேதோ பேசினேன், இந்தக் கட்டுரையில் இருப்பதில் பாதி அங்கே பேசியதுதான்.

இப்போதைக்கு அவள் இரவு படுக்கும் முன் மாடிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கிவிடுகிறாள். மாமியாருக்கு அது தெரியும், ஒன்றும் சொல்லவில்லை. போன வாரம் நான் போயிருந்தபோது சமையலறைப் பெட்டியும் பேச்சில்லாமல் இருந்தது. மிக்ஸிக்கு ப்ளக் பாயிண்ட் வேண்டியிருந்ததாம், மாமியார் கழற்றி வைத்தார். அரைத்து முடித்து வெகுநேரம் ஆகியிருந்தது.